வீட்டு ஷெட்டில் ஒரு ஹெரால்டு



1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஒரு கார் அறிமுக விழா நடந்தது. வழக்கமாக இசை நிகழ்ச்சிகள் நடக்கும் அரங்கம் அது. பாகம் பாகமாகக் கொண்டுவந்து அடுக்கிய ஒரு காரை, வந்திருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்று நிமிடத்தில் பூட்டி நிறுத்திக் காட்டினார்கள். ட்ரயம்ஃப் ஹெரால்டு உலகத்துக்கு அறிமுகமானது இப்படித்தான். அதற்கு வடிவம் கொடுத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவானி மிக்கெலோட்டி. இரண்டே வருடத்தில் அந்தக் கார் நம் ஊருக்கும் வந்துவிட்டது. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961இலிருந்து அதை ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் தயாரித்தது. பிறகு, பிரிட்டனில் செய்யாத ஒன்றையும் இங்கே செய்தார்கள்: நான்கு கதவு வைத்த ஹெரால்டு. பின்னர் அதுவே முகம் மாறி ‘கஸெல்’ ஆனது. 1977 வரை விற்பனையில் இருந்தது.

மூன்று நிமிடக் காட்சி விளம்பர வித்தைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காலத்தில் வந்துகொண்டிருந்த மற்றச் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றை வைத்து அப்படி ஒரு வித்தை காட்டியிருக்க முடியாது. அவையெல்லாம் அடிப்பாகமும் உடலும் ஒன்றாகவே வெல்டிங் செய்யப்பட்டு, பிரிக்க முடியாத ஒரே கூடாக மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டோ தனிச் சேஸியில் உட்கார்ந்திருந்தது. காரணம், ஒரு வியாபாரச் சிக்கல். ட்ரயம்ஃப் கார்களைத் தயாரித்த பிரிட்டனின் ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்குப் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்ற கம்பெனியை 1953இல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஓரிடத்தில் செய்து தர ஆள் இல்லை. அதனால் பாடியைத் துண்டு துண்டாகப் பிரித்து, வெவ்வேறு இடங்களில் செய்து, போல்ட் போட்டு இணைக்கிற மாதிரி காரையே வடிவமைத்தார்கள்.

வேறு வழியில்லாமல் எடுத்த அந்த முடிவு, அறுபது வருடம் கழித்து, வீட்டுக் கொட்டகையில் ஸ்பேனரோடு நிற்கும் ஒருவருக்கு வரமாகிவிட்டது. இன்றைய பேச்சு அவரைப் பற்றியதுதான். பழைய காரின் தகட்டு வேலையையும் பெயிண்டுக்கு முந்திய தயாரிப்பையும் வீட்டிலேயே செய்ய நினைப்பவர், எதைத் தானே செய்ய வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பதுதான் கேள்வி. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். துருவையும் பள்ளம் நிரப்பும் பட்டியையும் பட்டறையில் விட்டுவிட்டு, கம்ப்ரசர் வாங்கி, கடைசிக் கோட்டு பெயிண்டை மட்டும் வீட்டில் அடித்துப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். அது தப்பு. காலம் பிடிக்கும் வேலைகள்தான் வீட்டுக்கு உரியவை. பட்டறைக்கு வாடகை உண்டு, வரிசையில் அடுத்த வண்டி உண்டு. ஒரு பிரைமர் நன்றாகக் காயட்டும் என்று ஒரு வாரம் காத்திருக்க அவர்களால் முடியாது. வீட்டில் இருப்பவரால் முடியும்.

ஹெரால்டின் பானெட்டைத் திறந்தால் இரண்டு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து, முழு இன்ஜினும் முன் சக்கரங்களும் வெளியே தெரியும். அந்தப் பானெட்டும் ஒரே தகடு அல்ல. மேல்தட்டு, இரண்டு பக்கம், உள்வளைவு என்று போல்ட் போட்டுச் சேர்த்தது. கதவுக்குக் கீழே ஓடும் சில் பட்டையையும் கழற்றலாம். மற்றக் கார்களில் அந்தச் சில்தான் வண்டியின் பலமே. அதை வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். ஹெரால்டில் பலம் சேஸியில் இருக்கிறது. ஆகவே வீட்டில் வேலை செய்பவர் முழு வண்டியையும் ஒரே நாளில் பிரித்துப் போட வேண்டியதில்லை. இந்த மாதம் பானெட், அடுத்து ஒரு கதவு, அப்புறம் டிக்கி மூடி என்று போகலாம். பழைய வண்டிகள் பெரும்பாலும் துருவால் சாவதில்லை. மொத்தமாகப் பிரித்துப் போட்டு, பாகங்கள் அட்டைப்பெட்டிக்குப் போய், ஆர்வம் வடிந்து, கடைசியில் எடைக்குப் போகின்றன.

பிரிப்பதற்கு முன் ஒரு காகித வேலை. மத்திய அரசு 2021இல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்யலாம் என்பது அதன் சாரம். ஆனால் சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் ஏதும் செய்திருக்கக் கூடாது. ஹெரால்டுகள் எல்லாமே இப்போது அந்த வயதைத் தாண்டியவை. கஸெல்களில் கடைசியாக வந்தவைதான் எல்லையில் நிற்கின்றன. நிறத்தை மாற்றினாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். பழைய நிறம் என்னவென்று மறந்துவிட்டதா? டாஷ்போர்டுக்கு அடியிலும் கதவு உள்தட்டிக்குப் பின்னாலும் வெயிலே படாத இடங்களில் அது அப்படியே இருக்கும்.

இனி துரு.

இரும்பு, நீர், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் வேகம். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் காரின் துரு நடந்துகொள்ளும் விதத்தைக் கவனிக்க வேண்டும். அது பெரும்பாலும் உள்ளேயிருந்து வெளியே வருகிறது. கதவின் அடிப்பகுதியில் மழைநீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். தூசியும் காய்ந்த இலையும் அவற்றை அடைத்துக்கொண்டால், கண்ணாடி வழியாக இறங்கிய தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கும். வெளியே ஒரு மிளகு அளவுக் கொப்புளம் தெரிகிறபோது உள்ளே உள்ளங்கை அகலத்துக்குத் தகடு இத்துப்போயிருக்கும். துருவின் கன அளவு அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பெரிது. அந்தப் பெருக்கம்தான் பெயிண்டைத் தூக்கிக் கொப்புளமாக்குகிறது. ஹெரால்டில் தேட வேண்டிய இடங்கள் தெரிந்தவைதான்: கதவடி, டிக்கியின் தளம், ஹெட்லைட்டைச் சுற்றிய மடிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் அவுட்ரிகர் கைகள். பாடி எவ்வளவு பளபளத்தாலும் அவுட்ரிகர் இத்துப்போன ஹெரால்டு நல்ல ஹெரால்டு அல்ல.

ஸ்க்ரூடிரைவரின் முனையால் குத்திப் பார்ப்பதுதான் சோதனை. கணீரென்று சத்தம் வந்தால் தகடு இருக்கிறது. பொதக்கென்று இறங்கினால் பட்டிதான் இருக்கிறது. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மட்கார்டு மேல் நகர்த்தினாலும் தெரிந்துவிடும்; காந்தம் பிடி தளர்கிற இடத்தில் பட்டி தடித்திருக்கிறது. நாற்பது, ஐம்பது வருடம் ஓடிய வண்டிகளில் விரல் கனத்துக்குப் பட்டி பூசியிருப்பதைப் பார்க்கலாம். துருவின் மேல் நேராகப் பட்டி போட்டு அடைத்தவர்கள் செய்த வேலை அது. பட்டிக்கு அடியில் துரு தன் வேலையை நிறுத்துவதில்லை.

மேலோட்டமான துருவை வயர் பிரஷ், உப்புத்தாள், பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி ஆகியவற்றால் எடுத்துவிடலாம். அந்த அமிலம் துருவைக் கரைத்து, தகட்டின்மேல் இரும்புப் பாஸ்பேட் படலத்தை விட்டுச்செல்கிறது. கதவுக் கீல், பிராக்கெட் போன்ற சின்னச் சாமான்களுக்கு வேறொரு வழி வீட்டில் அருமையாக வேலை செய்யும். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் சலவைச் சோடா. பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த சாமானிலும் நேர்முனையை ஒரு பழைய இரும்புத் துண்டிலும் மாட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தண்ணீரில் தொங்கவிட்டால், துரு கருப்புச் சேறாகக் கழன்று வரும். நல்ல இரும்பு ஒரு துளிகூடக் குறையாது. இதை வெட்டவெளியில்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். நேர்முனையில் எவர்சில்வர் துண்டை மாட்டவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சாக மாறித் தண்ணீரில் கலந்துவிடும்.

ஓட்டை விழுந்த தகட்டுக்கு மருந்து இல்லை. வெட்டி எறிந்து புதுத் தகடு வைக்க வேண்டும். பளிச்சென்ற நல்ல இரும்பு தெரிகிறவரை வெட்ட வேண்டும்; மிச்சம் பிடித்து வெட்டினால் பாதித் துரு உள்ளேயே தங்கிவிடும். அந்தக் கால வண்டிகளின் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவான கனம். அதில் ஒரே கோடாக வெல்டிங் ஓட்டினால் சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, தகடு அலை அலையாகக் கோணிக்கொள்ளும். ஒரு புள்ளி வைத்து, தள்ளி இன்னொரு புள்ளி வைத்து, கையைத் தகட்டின்மேல் வைக்கிற அளவுக்கு ஆறவிட்டு, பிறகு நடுவில் நிரப்புவதுதான் முறை. அனுபவமில்லாதவர் இதை உயிருள்ள வண்டியில் பழகக் கூடாது. எடைக்கடையில் ஒரு பழைய மட்கார்டு வாங்கிப் பழகலாம். இல்லாவிட்டால் வெட்டுவதையும் அளவெடுத்துத் தகடு மடிப்பதையும் தான் செய்துகொண்டு, பற்றவைக்க மட்டும் வெல்டரை ஒரு நாள் வரச்சொல்லலாம். நான்கு கதவு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குத் தகடு மடிக்கப் பழகுவது தேவையும்கூட. பிரிட்டனில் இன்றும் ஹெரால்டுக்குப் பழுதுபார்ப்புத் தகடுகள் கிடைக்கின்றன. ஆனால் அங்கே இல்லாத நான்கு கதவுக்கு அங்கே தகடு எப்படிக் கிடைக்கும்?

இங்கே ஒரு எச்சரிக்கை. ஹெரால்டின் பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள்ளே இருக்கிறது. டிக்கித் தளத்தில் கிரைண்டர் வைப்பதற்கு முன்பே டேங்கைக் கழற்றி, ஷெட்டை விட்டே தள்ளி வைத்துவிட வேண்டும். பெட்ரோலை வடித்துவிட்டோம் என்பது பாதுகாப்பே அல்ல. நிறைந்த டேங்கைவிட, ஆவி நிறைந்த காலி டேங்க்தான் வெடிக்கத் தோதானது. பேட்டரி வயரையும் கழற்றிவிட வேண்டும்.

கழற்றுவது சுலபம் என்ற அதே காரணத்தால் ஹெரால்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. போல்ட் போட்ட பாகங்கள் இம்மி நகர்ந்தாலும் கதவு இடுக்குகள் கோணிவிடும். புதிதாக ஷோரூமிலிருந்து வந்தபோதே ஹெரால்டின் இடுக்குகள் ஒழுங்குக்குப் பேர்போனவை அல்ல. பாடிக்கும் சேஸிக்கும் நடுவே எந்த இடத்தில் எத்தனை பேக்கிங் தகடு இருந்தது என்பதைப் பிரிக்கும்போதே குறித்து, படம் எடுத்து வைக்க வேண்டும். தகட்டு வேலை முடிந்ததும், பட்டி போடுவதற்கு முன், கதவு, பானெட், டிக்கி மூடி எல்லாவற்றையும் ஒருமுறை வெறும் தகடாகவே பூட்டிப் பார்க்க வேண்டும். பெயிண்ட் அடித்த பிறகு கதவு இடிக்கிறது என்று கண்டுபிடிப்பவர், பெயிண்டைச் சுரண்டிக்கொண்டேதான் அதைச் சரிசெய்வார்.

தகட்டில் விழுந்த டொக்கை எடுப்பது தனிக் கலை. சுத்தியல் ஒரு கையில், தகட்டுக்குப் பின்னால் இரும்புக் கட்டை மறு கையில். நேராகக் கட்டைமேல் அடித்தால் தகடு நடுவில் நசுங்கி விரியும். கட்டையை டொக்கின் பள்ளத்துக்கு அடியில் பிடித்து, சுத்தியலைப் பக்கத்து மேட்டில் தட்டினால், மேடு இறங்கும்போது பள்ளம் ஏறும். கற்றுக்கொள்ளாதவர்கள் செய்யும் தவறு, ஆழமான நடுப்பகுதியை முதலில் தள்ளுவது. இடித்தபோது கடைசியாக மடிந்த ஓரத்தை முதலில் விடுவிக்க வேண்டும். தகடு ரொம்ப விரிந்துபோனால் கட்டைவிரலால் அழுத்தும்போது ‘டொக்’கென்று உள்ளே போய், விட்டால் வெளியே வரும். அப்படிப்பட்ட இடத்தைச் சூடேற்றிச் சுருக்கத் தெரிந்த பழைய டிங்கர் பக்கத்தில் யாராவது இருந்தால், கூலி கொடுத்து அவரிடமே விட்டுவிடுவது நல்லது. அந்தக் கை இப்போது அபூர்வமாகிவருகிறது.

சென்னை போன்ற ஊரில் துடைத்த தகடு ஒரே இரவில் மஞ்சள் பூத்துவிடும். ஆகவே தகடு சுத்தமான அன்றே அதை மூட வேண்டும். வழக்கமான ரெட் ஆக்சைடு பிரைமர் இதற்குப் போதாது. அது ஈரத்தை முழுதாகத் தடுக்காது. இரண்டு டப்பாக்களைக் கலந்து பூசும் எபாக்சி பிரைமர் தகட்டை அடைத்து மூடிவிடும். பிரஷ்ஷாலும் பூசலாம் என்பது வீட்டுக்காரருக்குக் கூடுதல் வசதி. பட்டியை வெறும் தகட்டில் போடுவதா, எபாக்சிக்கு மேல் போடுவதா என்று தொழில்காரர்களுக்குள் பழைய சண்டை ஒன்று உண்டு. உலர்ந்த ஊர்க்காரர்கள் எப்படியோ போகட்டும். கடல்காற்று வீசும் ஊரில் எபாக்சி முதலில், அதை லேசாகத் தேய்த்துவிட்டு அதன்மேல் பட்டி என்பதே பாதுகாப்பு.

பாலியஸ்டர் பட்டி ஒரு பிசின். அதில் நிறைய டால்க் தூள் கலந்திருக்கிறது. ஹார்டனர் எடையில் நூற்றுக்கு இரண்டு அளவுதான் தேவை. கூடினால் சீக்கிரம் இறுகும் என்று தாராளமாகப் பிதுக்குபவர்கள் உண்டு. அந்த மிச்ச ஹார்டனர் பின்னால் பெயிண்ட் வழியாக ஊடுருவி மேலே கறையாகத் தெரியும். சித்திரை வெயிலில் கலந்த பட்டி ஐந்து நிமிடம்கூடத் தாங்காது, எனவே எலுமிச்சை அளவுக்குமேல் ஒரே தடவையில் கலக்கக் கூடாது. கலக்க அட்டை உதவாது. அது பிசினை உறிஞ்சிவிடும். ஒரு உடைந்த டைல்ஸ் துண்டு போதும். பூசிய பட்டி, தேய்த்து முடித்த பிறகு இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குமேல் எங்கும் நிற்கக் கூடாது. அதற்குமேல் தேவைப்படுகிறது என்றால் டொக்கு இன்னும் எடுபடவில்லை என்று அர்த்தம். சுத்தியலுக்குத் திரும்ப வேண்டும்.

பட்டறைகளில் பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது வழக்கம். தூசி பறக்காது, தாளும் அடைக்காது. ஆனால் டால்க் கலந்த பட்டி ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் உள்ளே இருக்கும்போதே பிரைமர் அடித்து மூடினால், சில மாதம் கழித்து வெயிலில் கொப்புளமாக எழும். அவசரமில்லாதவர் உலர்ந்த தாளிலேயே தேய்க்க வேண்டும், மூக்குக்கும் வாய்க்கும் நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு. பழைய பெயிண்டைத் தேய்க்கும்போது மட்டும் தண்ணீர் நல்லது, ஏனென்றால் அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அந்தக் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு விடாமல், குழந்தைகள் விளையாடும் இடத்தில் கொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேய்ப்பதுதான் இந்த முழு வேலையின் உயிர். இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

ஒரு கதவை எடுத்துக்கொள்வோம். பட்டி போட்டு, 80ஆம் எண் தாளில் உருவம் கொண்டுவந்து, 180இல் கீறலைக் குறைத்து, மேலே கனமான சர்பேசர் பிரைமர் அடித்துக் காய்ந்திருக்கிறது. பிரைமர் சாம்பல் நிறம். பார்க்க வழவழப்பாக, வேலை முடிந்த மாதிரி இருக்கும். இப்போது ஒரு கருப்பு ஸ்ப்ரே டப்பாவை எட்டப் பிடித்து, தூறல் மாதிரி மெல்லிசாகக் கதவு முழுக்கத் தூவ வேண்டும். மூட வேண்டியதில்லை, புள்ளி புள்ளியாக விழுந்தால் போதும். ஒரு முழ நீளத்துக்கு நேரான மரக்கட்டையில் 320ஆம் எண் தாளைச் சுற்றி, கதவின் குறுக்காகச் சாய்வாக ஒரு திசையில், பிறகு எதிர்ச் சாய்வில் தேய்க்க வேண்டும். கையை அழுத்தக் கூடாது, கட்டையின் எடையே போதும். கொஞ்ச நேரத்தில் கருப்பு கலைந்து ஒரு வரைபடம் விழும். கருப்பு அப்படியே நிற்கும் இடம் பள்ளம். கருப்பும் போய், சாம்பலும் போய், பட்டியோ இரும்போ எட்டிப்பார்க்கிற இடம் மேடு. வழவழவென்று தெரிந்த கதவில் அங்கே ஒரு வெற்றிலை அளவுக் கருப்பு, கைப்பிடிக்குக் கீழே நீளமாக ஒரு கருப்புக் கோடு. கண்ணுக்குத் தெரியாத இவைதான், பளபளக்கும் பெயிண்டுக்கு அடியில் ட்யூப்லைட் பிம்பத்தை நெளியவைப்பவை.

கருப்புப் பள்ளத்தை மட்டும் விரலால் தேய்த்துப் போக்கிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். விரலால் தேய்த்தால் விரல் அகலத்துக்குப் பள்ளம் இன்னும் ஆழமாகும். பள்ளத்தை நிரப்பத்தான் வேண்டும், சுற்றிலும் உள்ளதைத் தேய்த்து அதன் மட்டத்துக்கு இறக்க முடியாது. மேட்டைத் தேய்த்துக்கொண்டே போனாலும் தகடு வந்துவிடும். சுத்தியலால் லேசாக ஒரு தட்டுத் தட்டி உள்ளே இறக்கிவிட்டு, அங்கே மெல்லிசாகப் பட்டி இழுக்க வேண்டும். மறுபடி பிரைமர், மறுபடி கருப்புத் தூறல், மறுபடி கட்டை. கருப்பு ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் கலைகிற வரைக்கும் இது நடக்கும். உள்ளங்கைக்கு அடியில் ஒரு மெல்லிய பருத்தித் துணியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் தடவினால், கண் தவறவிட்டதைக் கை கண்டுபிடிக்கும். கதவை நனைத்து, சாய்ந்து பார்த்தால், ஈரம் காய்வதற்குள் அது பெயிண்ட் அடித்தது போலவே பளபளத்துத் தன் குறைகளைக் காட்டிவிடும். சர்பேசரை நல்ல வெயிலில் சில நாள் விட்டுவைப்பதும் வேலையில் சேர்த்திதான். டின்னர் முழுதும் வெளியேறும்போது அது கொஞ்சம் உள்வாங்கும். உள்வாங்கி முடிந்த பிறகு கடைசித் தேய்ப்புத் தேய்த்தால், பெயிண்ட் அடித்து மாதக்கணக்கில் ஆனபின்பும் பழைய கீறல் மேலே தெரியாது. பட்டறையால் கொடுக்க முடியாததை வீட்டுக்காரர் கொடுக்க முடிகிறது என்று முன்னால் சொன்னது இந்த இடத்தில்தான் முழுக்கப் பொருந்துகிறது.

பிறகு பெயிண்ட். 1923இல் டூபாண்ட் நிறுவனம் ‘ட்யூக்கோ’ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரைக் கொண்டுவந்தது. அதுவரை ஒரு காருக்குப் பெயிண்ட் அடித்துக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகிக்கொண்டிருந்தது. ட்யூக்கோ அதைச் சில நாள் வேலையாக்கியது. அந்த என்.சி. பெயிண்ட் டின்னர் ஆவியாவதால் மட்டுமே காய்கிறது. வீட்டில் அடிக்கத் துணிபவருக்கு அதுதான் மன்னிக்கும் குணம் கொண்ட பெயிண்ட்: வழிந்தால் தேய்க்கலாம், மேலே மறுபடி அடித்தால் பழைய கோட்டைக் கரைத்துக்கொண்டு ஒன்றாகிவிடும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அதைத் தொடக் கூடாது. டின்னர் வேகமாக ஆவியாகும்போது தகட்டின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் படிந்து, நிறம் பால் போல வெளுத்துவிடும். பழைய சிந்தெட்டிக் எனாமல் மேல் என்.சி. அடித்தாலும் அது சுருங்கித் தூக்கிக்கொள்ளும். மறைவான ஒரு மூலையில் டின்னர் நனைத்த துணியால் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: நிறம் துணியில் வந்தால் என்.சி.; சுருங்கினால் எனாமல்; ஒன்றுமே ஆகாவிட்டால் ஹார்டனர் கலந்த 2கே பெயிண்ட்.

அந்த 2கே பெயிண்டை வீட்டில் ஸ்ப்ரே செய்யக் கூடாது. இதில் சமரசத்துக்கே இடமில்லை. அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது கிளம்பும் கண்ணுக்குத் தெரியாத அந்த மூடுபனி நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம். வந்தவருக்குப் பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலே மூச்சிரைக்கும். உலகெங்கும் கார் பெயிண்டர்களுக்குத் தொழிலால் வரும் ஆஸ்துமாவுக்கு முக்கியக் காரணம் இதுதான். கடையில் விற்கும் துணி மாஸ்க் இதைத் தடுக்காது. கரி வடிகட்டி மாட்டிய மாஸ்க்கையும் நம்ப முடியாது. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகமூடியும், காற்றை இழுத்து வடிகட்டி வெளியேற்றும் பூத்தும் வேண்டும். இவை இரண்டும் எந்த வீட்டில் இருக்கின்றன? மாடியில் பாட்டியும் பக்கத்து வீட்டில் கைக்குழந்தையும் இருக்கிற தெருவில் இதைச் செய்வது அக்கிரமம். 2கே வேண்டுமென்பவர், தன் கையால் தேய்த்து முடித்த வண்டியைச் சக்கரத்தோடு உருட்டிக்கொண்டு போய் பூத் உள்ள பெயிண்டரிடம் நிறுத்த வேண்டும். தயாரிப்பு முழுதும் முடிந்து வரும் வண்டியை நல்ல பெயிண்டர் யாரும் மறுக்கமாட்டார். ஆனால் பட்டி எந்த கம்பெனி, எபாக்சி எது, சர்பேசர் எது என்று எழுதி அவரிடம் கொடுக்க வேண்டும். பெயிண்ட் பின்னால் கொப்பளித்தால் யார் தவறு என்ற சச்சரவு அப்போது வராது.

பெயிண்ட் முடிந்து வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. கதவுக்குள், சில்லுக்குள், சேஸிக் குழிகளுக்குள் துருத்தடுப்பு மெழுகை நீண்ட குழாய் வைத்து அடிக்க வேண்டும். வடிகால் துளைகள் பெயிண்டாலோ மெழுகாலோ அடைபட்டிருந்தால் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும். வேலை தொடங்கியதே அந்தத் துளைகள் அடைபட்டதால்தான் என்பது மறந்துவிடக்கூடியது.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கலாம். வீட்டுப் பின்புறத்தில் மாமரத்தடியில் தார்ப்பாய் போட்டுக் கட்டிய ஹெரால்டோ கஸெல்லோ, அம்பாசடரோ, ஃபியட்டோ வைத்திருப்பவர்கள் இந்த அவையிலேயே சிலர் இருப்பீர்கள். தரையோடு இறுக்கிக் கட்டிய தார்ப்பாய் வண்டியைக் காப்பதில்லை. மண்ணின் ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துத் துருவுக்கு ஊட்டுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் அதை அவிழ்த்து, வண்டியைச் சிமெண்ட் தரைக்கோ மேடான இடத்துக்கோ நகர்த்தி, காற்றுப் போகும்படி கூரைக்கு அடியில் நிறுத்துங்கள். கதவடித் துளைகளில் அடைந்த மண்ணை ஒரு குச்சியால் எடுத்துவிடுங்கள். பெயிண்டைப் பற்றித் தை மாதத்தில் யோசித்துக்கொள்ளலாம்.